சால்வை போட்டாயிற்று, பந்தி எங்கே?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொங்கல் விழாவுக்குப் பறையாட்டக் குழு ஒன்றை அழைத்திருந்தோம். எல்லோரும் சேர்ந்து ஆடினோம், சால்வையும் போர்த்தினோம். ஆனால் மாடி அரங்கில் எங்களுக்குப் பந்தி நடக்க, கலைஞர்களுக்கு மட்டும் வாகன நிறுத்தத்தில் பொட்டலம் கொடுத்தார்கள். கேட்டால், "கலைக்கு இவ்வளவு மரியாதை செய்தோமே, சாதியை ஏன் இழுக்கிறீர்கள்?" என்கிறார் சங்கச் செயலாளர். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?
- வாசகி, சென்னை

பதில்: இல்லை, அம்மா. செயலாளரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: நவராத்திரிக்குப் பாட வரும் வித்வானுக்கு எங்கே இலை போடுவார்?

தொல்காப்பியம் பறையை ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் ஒன்றாகச் சொல்வதை உங்கள் மேடையிலும் யாராவது பெருமையோடு பேசியிருப்பார்கள். சாவு வீட்டில் பறையடிப்பது தலித் மக்கள்மீது ஊர்க் கட்டாயமாகச் சுமத்தப்பட்ட வேலையாக இருந்ததையும், அந்த இழிவை மறுத்துப் பறையைத் தொடவே மாட்டோம் என்று நின்றவர்கள் இருந்ததையும், அதே பறையை விடுதலையின் இசையாக மேடைக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்களுக்குள்ளிருந்தே எழுந்ததையும் பேசியிருக்க மாட்டார்கள். பறை முழங்காமல் பிணம் எடுக்காத அந்த ஊர்களில், அடித்தவருக்குக் கூலி நெல் கிடைத்தது. வீட்டு வாசற்படி ஏறத்தான் அனுமதி இல்லை. ஆகவே, கலையை எடுத்துக்கொண்டு கலைஞரை வெளியே நிறுத்துவது உங்கள் சங்கம் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. பழைய ஏற்பாட்டோடு கைத்தட்டலும் சால்வையும் சேர்ந்திருக்கின்றன, அவ்வளவே. மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்ட பிறகும் இதை விளக்க வேண்டியிருக்கிறது.

தோலை நெருப்பில் காய்ச்சுவதையும், ஒரு கையில் அடிக்குச்சியும் மறுகையில் சிண்டுக்குச்சியுமாகக் கலைஞர்கள் அடவு வைத்ததையும் உங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்த்திருப்பார்கள். பொட்டலத்தையும் அந்தப் பிள்ளைகள்தாம் பார்த்தார்கள்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை எழுத்திலேயே வையுங்கள்: யார் வந்தாலும் கலைஞர்களுக்கு ஒரே பந்தி, உடை மாற்ற அறை, நாம் பயன்படுத்தும் அதே கழிப்பறை, ஆட்டம் முடிந்த அன்றே முழுத் தொகை. இதைவிடக் கடினமான கேள்வியும் ஒன்று உண்டு. அந்தக் குழுவில் ஒருவர் உங்கள் குடியிருப்பில் வாடகைக்கு வீடு கேட்டு வந்தால் என்ன பதில் சொல்வார்கள் என்பதை அதே கூட்டத்தில் எழுப்புங்கள், முகங்கள் சுளித்தாலும் பரவாயில்லை.

குழுத் தலைவரைத் தொலைபேசியில் அழைத்து, நடந்தது தவறு என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். "பரவாயில்லம்மா" என்று அவர் சொல்லக்கூடும். அதைச் செயலாளரிடம் சாட்சியாகக் கொண்டுபோக வேண்டாம். கூட்டத்துக்கு வந்து பேசும்படியும் அவரை அழைக்காதீர்கள். அங்கே பேச வேண்டியவர் நீங்கள்.