கனாத்து வரைபடம் விளிம்பில் விலகுவது: சுங்கை சிப்புட் டீச்சருக்கு

வணக்கம் டீச்சர். ஈரானின் கொனாபாத் கனாத்துகளை (வரிசைக் கிணறுகள் கொண்ட நிலத்தடி நீர்ச் சுரங்கங்களை) அமெரிக்காவின் பழைய ‘கொரோனா’ உளவுச் செயற்கைக்கோள் படத்தில் குறிக்கும்போது நடுப்பகுதி பொருந்தி, ஓரங்கள் நூற்றுக்கணக்கான மீட்டர் விலகுவதாக எழுதியிருந்தீர்கள். தவறு உங்களுடையதல்ல. அது அகலப்பரப்புக் கேமரா; நீள ஃபிலிமின் இரு முனைகளிலும் நிலம் நெளிந்துதான் பதியும்.

முதலில் கியூஜிஸ் வரைபட மென்பொருளில் உங்கள் திட்டத்தின் ஆயமுறையை (coordinate system) பாருங்கள். மலேசியாவுக்கான ஆர்எஸ்ஓ ஆயமுறையில் விட்டிருந்தால், கொனாபாத் பகுதிக்குரிய யூடிஎம் 40 வடக்குக்கு மாற்றுங்கள். பிறகு முழுப் பட்டையையும் ஒரேயடியாகப் பொருத்தாமல், உங்களுக்கு வேண்டிய கிராமப் பகுதியை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். படத்தை வளைத்துப் பொருத்தும் இரண்டாம் படி (second-order) பல்லுறுப்புக்கோவை முறைக்கு, படத்திலும் இன்றைய வரைபடத்திலும் ஒரே இடத்தைக் காட்டும் புள்ளிகள் குறைந்தது 6 தேவை. நான் 15 முதல் 20 வரை வைக்கச் சொல்வேன், ஓரங்களிலும் பரவலாக. பாறை முகடு, பழைய கோட்டை மூலை நல்லவை. வயல் வரப்பும் ஆற்று மணல் திட்டும் வேண்டாம், 50 ஆண்டுகளில் அவை நகர்ந்திருக்கும்.

‘தின் பிளேட் ஸ்பிளைன்’ என்ற இன்னொரு பொருத்தும் முறையில் பிழை பூஜ்யம் என்று காட்டினால் நம்பிவிடாதீர்கள். வைத்த புள்ளிகளில் அது எப்போதும் கச்சிதமாகவே உட்காரும். ஐந்து புள்ளிகளைப் பொருத்தத்தில் சேர்க்காமல் தனியே ஒதுக்கி, அவற்றில் விலகலை அளந்து பாருங்கள்.

கனாத்தைக் கோடாக இழுக்க அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு கிணற்று வாயும் தோண்டிய மண் சூழ்ந்த சிறு வளையமாகத் தெரியும். அவற்றைப் புள்ளிகளாகக் குறியுங்கள். வரிசை மலையடித் தாய்க்கிணற்றிலிருந்து (கனாத்து தொடங்கும் முதல் கிணற்றிலிருந்து) வயலை நோக்கி இறங்க வேண்டும். சரிவுக்கு எதிராக ஏறினால், இரண்டு கனாத்துகளை ஒன்றாக இணைத்துவிட்டீர்களா என்று பாருங்கள். வரிசை நடுவில் அறுந்தால் அந்த இடைவெளியைப் புள்ளிக்கோடாகவே விடுங்கள். உழுது சமன்செய்த நிலமாக இருக்கலாம்.