பொருளாதாரச் சிந்தனை வளர்ந்ததில் வரலாற்று ஆய்வுக்கும் களத் தகவலுக்கும் உண்மையில் என்ன பங்கு?

கோட்பாட்டுக்கு எந்தக் கேள்வி முக்கியம் என்று எடுத்துக் கொடுப்பதே பெரும்பாலும் களம்தான் என்பேன்.

கோட்பாடா, களமா என்ற இந்தச் சண்டை பழையது. 1883-ல் வியன்னாவின் பொருளாதார அறிஞர் கார்ல் மெங்கர், பொது விதிகளைத் தர்க்கத்தால் எட்ட முடியும் என்று எழுதினார். வரலாறும் தகவலும் போதிய அளவு சேரட்டும், விதியை அப்புறம் பார்க்கலாம் என்பது பெர்லினில் இருந்த குஸ்தாவ் ஷ்மோலரின் கட்சி. மெங்கரின் அடுத்த நூல் வந்தபோது ஷ்மோலர் மதிப்புரைகூட எழுதாமல் திருப்பி அனுப்பிவிட்டார். தகவலைக் குவித்தால் மட்டும் விதி கிடைத்துவிடாது என்பதில் மெங்கர் சொன்னது சரி. ஆனால் களத்துக்குப் போகாமல் சில விஷயங்கள் கண்ணிலேயே படாது.

நம்மூர் உதாரணமே இருக்கிறது. 1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், இங்கிலாந்தில் பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்ட வரலாற்றை எழுதியவர். இங்கே மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்துக் கிராமங்களை ஆராயச் செய்தார். 1918-ல் அது நூலானது.

அதில் வரும் ஓர் ஊர், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு. அங்கே படியாட்கள் இருந்தார்கள். கல்யாணச் செலவுக்கு நிலக்காரரிடம் கடன் வாங்குவார்கள். அடையும்வரை அவரிடமே உழைக்க வேண்டும். கடன் அடையாது, அப்பனிடமிருந்து மகன் தலையில் விழும். கூலி என்பது ஆள் தேவையும் ஆள் வரத்தும் சேர்ந்து நிர்ணயிக்கும் விலை என்று பாடம் படித்தவருக்கு, கடனும் கூலியும் இப்படிப் பின்னிக் கிடப்பது பெரிய புதிர்.

அந்தப் பிணைப்பைக் கோட்பாடாக்கியவர்களில் ஒருவர் பொருளாதார அறிஞர் அமித் பாதுரி. மேற்கு வங்கக் கிராமங்களைப் பார்த்துவிட்டு 1973-ல் எழுதினார்: விளைச்சல் கூடினால் குத்தகைதாரர் கடனிலிருந்து மீள்வார், நிலக்காரருக்கு வட்டி வருமானம் போய்விடும், அதனால் அவரே புதிய சாகுபடி முறையைத் தடுப்பார். கேட்கக் கச்சிதமான வாதம். ஆனால் பிரணாப் பர்தனும் அசோக் ருத்ராவும் சில ஆண்டுகளிலேயே கிழக்கிந்தியக் கிராமங்களில் விசாரித்தபோது, பல நிலக்காரர்கள் வட்டியில்லாமலே கடன் கொடுப்பதையும், விதை, உரச் செலவில் பங்கேற்பதையும் கண்டார்கள். பாதுரியின் வாதத்தை அதற்குமேல் அப்படியே ஏற்க முடியவில்லை.

இருவேல்பட்டுக்கு ஆய்வாளர்கள் 1930-களிலும் 1980-களிலும் 2008-லும் திரும்பப் போயிருக்கிறார்கள். ஒரே ஊரின் நூறாண்டுக் கதை இப்படிக் கிடைப்பது அபூர்வம். பொருளாதாரம் படிப்பவர்கள் பாடநூலோடு சேர்த்து இதையும் கட்டாயம் படிக்க வேண்டும்.