வாசகர் கேள்வி – பதில்: ஆறு மாசடைவதை வகுப்பறையில் கற்பித்தல்

கேள்வி: தரம் 7 மாணவர்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறேன். ஆறு மாசடைதல் என்றதும் பிள்ளைகள் புகைபோக்கியையும் தொழிற்சாலைக் குழாயையும் வரைகிறார்கள். எங்கள் பக்கத்தில் அவை இல்லாததால் எங்கள் ஆறு சுத்தமானது என்று முடிவுகட்டி விடுகிறார்கள். சுவரொட்டி, சிரமதானம் ஆகியவற்றுக்கு அப்பால் என்ன செய்யலாம்? – ஓர் ஆசிரியை, மூதூர்

பதில்: பாடத்தை ஆற்றங்கரையில் அல்லாமல் பிள்ளைகளின் குசினியில் தொடங்குங்கள். அரிசி கழுவிய நீரும் சட்டி கழுவிய நீரும் உடுப்புத் தோய்த்த நீரும் வீட்டை விட்டு எந்த வழியாகப் போகின்றன, வாழையடிக்கா, வீதியோர வடிகானுக்கா, அந்த வடிகான் போய் எங்கே விழுகிறது என்பதை ஒவ்வொருவரும் பெரியவர்களிடம் கேட்டு வரைபடமாக வரைந்து வரட்டும். தொழிற்சாலை இல்லாத ஊரிலும் கழிவுநீர் உண்டு என்பதை நீங்கள் சொல்லவே வேண்டியிராது.

அடுத்து எழும் கேள்விதான் பாடத்தின் உயிர்நாடி. அரிசி கழுவிய நீர் நஞ்சல்லவே, அது எப்படி மீனைக் கொல்லும்? அந்த நீரிலுள்ள மாப்பொருளைப் பற்றீரியாக்கள் உண்கின்றன. உண்ணும்போது நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனை எடுத்துக்கொள்கின்றன. 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லீற்றர் நன்னீரில் கரையக்கூடிய ஒட்சிசன் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் மட்டுமே. அது 4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பல மீன்கள் திணறும். சுத்திகரிக்கப்படாத வீட்டுக் கழிவுநீர் ஒரு லீற்றரோ, ஐந்து நாட்களில் 200 முதல் 300 மில்லிகிராம் வரை ஒட்சிசனை உறிஞ்ச வல்லது. அதாவது ஒரு லீற்றர்க் கழிவுநீர், முப்பது லீற்றர் ஆற்றுநீரிலுள்ள ஒட்சிசன் முழுவதையும் தீர்த்துவிடலாம். இந்தக் கணக்கைப் பிள்ளைகளே வகுத்துக் காணட்டும். கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நீரோட்டம் குறைந்து, வெப்பம் கூடி, கரையும் ஒட்சிசனும் குறைவதால் நிலைமை இன்னும் மோசமாகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கண்ணால் காட்டவும் வழி இருக்கிறது. ஆய்வுகூடத்திலுள்ள மெதிலீன் நீலக் கரைசலில் சில துளிகளை இரண்டு கண்ணாடிப் போத்தல்களிலுள்ள இளஞ்சூட்டு நீரில் விட்டு, மெல்லிய நீலமாக்குங்கள். ஒன்றில் மட்டும் ஒரு தேக்கரண்டி சீனியும், பாணுக்குப் போடும் ஈஸ்ட் ஒரு தேக்கரண்டியும் கலந்து, விளிம்புவரை நிரப்பி மூடிவையுங்கள். நிறம் மெல்லியதாக இருந்தால் பாடவேளை முடிவதற்குள் அந்தப் போத்தலின் நீலம் மறைந்து பால்போல் வெளுத்துவிடும். ஒட்சிசன் தீர்ந்ததன் அடையாளம் அது. பின்னர் மூடியைத் திறந்து, மூன்றிலொரு பங்கை ஊற்றிவிட்டுக் குலுக்கினால், காற்றிலிருந்து ஒட்சிசன் புகுந்து நீலம் திரும்பி வரும். வாயு சேர்வதால் போத்தலை இறுக மூடி நெடுநேரம் வைக்கக் கூடாது. வெள்ளைச் சீருடையில் பட்டால் கறை எளிதில் போகாது என்பதையும் முன்கூட்டியே எச்சரியுங்கள்.

குலுக்கும்போது நீலம் திரும்பிய அந்தக் கணத்தை விட்டுவிடாதீர்கள். கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தி, பற்றீரியாக்கள் தம் வேலையை ஆற்றுக்குள் செய்யாமல் தொட்டிக்குள்ளேயே செய்து முடிக்க விடுவதுதான் இன்றைய பெரும்பாலான நகரச் சுத்திகரிப்பு நிலையங்களின் அடிப்படை. இம்முறையை ஆர்டேன், லொக்கெற் என்னும் இருவர் 1914இல் மான்செஸ்டரில் செய்துகாட்டினார்கள்.

அதன் பின்னரே மகாவலிக்கு வாருங்கள். 335 கிலோமீற்றர் ஓடி உங்கள் ஊருக்கருகே கொட்டியாரக் குடாவில் கலக்கும் ஆறு அது. கண்டி நகரின் கழிவைச் சுமந்துவரும் மெத எல வாய்க்காலும் அதில்தான் சேர்கிறது. ஆனால் மேலேயிருப்பவர்கள் அழுக்கை நமக்கு அனுப்புகிறார்கள் என்று பிள்ளைகள் எண்ணிவிடாமல் பார்த்துக்கொள்வது நல்லது. கண்டியில் கலக்கும் அழுகக்கூடிய கழிவில் பெரும்பகுதி விக்டோரியா, ரந்தெனிகல போன்ற நீர்த்தேக்கங்களைக் கடந்து வருவதற்குள் சிதைந்துவிடும். குடாவுக்கு அண்மையில் நாமும் நம் வயல்களும் சேர்ப்பதைச் சிதைக்கத்தான் ஆற்றுக்கு நேரமில்லை. அந்தக் குடாவில் வலை வீசுபவர்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே இருப்பார்கள், அவர்களைப் பேசவிடுங்கள்.

வடிகான் நீரைப் பிள்ளைகள் கையால் அள்ளவே கூடாது. மாதிரி தேவைப்பட்டால் கையுறை அணிந்து நீங்களே எடுங்கள்.

கேள்வி: எங்கள் மலக்குழி கிணற்றுக்கு மிக அருகில் இருக்கிறது என்று பாடசாலையில் படித்துவிட்டு வந்த மகள் சொல்கிறாள். நாங்கள் நீரைக் கொதிக்கவைத்தே குடிக்கிறோம். அது போதாதா? – ஒரு தாய், திருகோணமலை

பதில்: மகள் சொல்வதைக் கேளுங்கள், அம்மா. கொதிக்கவைப்பது நோய்க்கிருமிகளைக் கொல்லும். அதை ஒருபோதும் நிறுத்த வேண்டாம். ஆனால் மலக்குழியிலிருந்து கசிந்து, கரையோர மணல் வழியாக எளிதில் கிணற்றை அடையும் நைத்திரேற்று என்னும் உப்பு, நீர் கொதித்தாலும் போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடவே செய்யும். குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல். அது மிகுந்தால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறன் குறையும் என்பதால், வீட்டில் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை இருந்தால், அந்தக் கிணற்று நீரைப் பரிசோதிக்கும்வரை பால் கரைப்பதற்குக் குழாய்நீரையே கொதிக்கவைத்துப் பயன்படுத்துங்கள். பரிசோதனைக்கு எங்கே கொடுப்பது என்பதை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியலாம்.