நிலாவும் மலை விளக்கும்: சின்னக் கெமரா வாங்கப் போகிறவருக்கு

கேள்வி: நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். நிலாவையும், சீசன் காலத்தில் சிவனொளிபாத மலையில் எரியும் விளக்கு வரிசையையும் படம் எடுக்க ஆசை. போனில் நிலா வெறும் வெள்ளைப் பொட்டாகத்தான் விழுகிறது. கைப்பையில் அடங்கும் சின்னக் கெமரா போதும். ஒரு கடையில் மெகாபிக்சலைப் பாருங்கள் என்கிறார்கள், இன்னொரு கடையில் சென்சர் பெரிதாக இருக்க வேண்டும் என்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: மெகாபிக்சலை முதலில் மறந்துவிடுங்கள். இன்று கடையில் இருக்கும் எந்தக் கெமராவிலும் அது தேவைக்கு மேலேயே இருக்கிறது. சென்சர், அதாவது கெமராவுக்குள் வெளிச்சத்தைப் பிடிக்கும் சில்லு, பெரிதாக இருக்க வேண்டும் என்று சொன்னவர் பாதி சரி. அந்தப் பாதி உங்களுக்கு எவ்வளவு தேவை என்பதுதான் விஷயம்.

நிலா இருட்டில் தெரிந்தாலும் அதன் மேல் விழுவது முழு வெயில். அதைப் பிடிக்க வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் அளவுக்குத்தான். வானத்தில் நிலாவின் அகலம் சுமார் அரைப் பாகை. லென்ஸின் குவியத்தூரத்தை, அதாவது விளம்பரத்தில் '35 மி.மீ. ஈடு' என்று போட்டிருக்கும் எண்ணை, 110ஆல் வகுத்தால், 24 மி.மீ. உயரமுள்ள சட்டத்தில் நிலா எத்தனை மில்லிமீட்டர் வரும் என்று தெரிந்துவிடும். போனின் சாதாரண லென்ஸ் 26 மி.மீ. போல. அதில் நிலாவுக்குக் கால் மில்லிமீட்டர்கூடக் கிடைக்காது. படத்தின் உயரத்தில் அது நூற்றில் ஒரு பங்கு. வெள்ளைப் பொட்டு என்று நீங்கள் சொன்னது கணக்குப்படியும் சரிதான்.

இதே கணக்கில் 200 மி.மீ. லென்ஸ் நிலாவைப் படத்தின் பதின்மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குக் கொண்டுவரும். 720 மி.மீ. என்றால் கால் பங்கு, 960 என்றால் மூன்றில் ஒரு பங்கு, 2000 என்றால் முக்கால் பங்குக்குக் கிட்ட. பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் '40எக்ஸ்', '60எக்ஸ்' வெறும் விகிதம். 24இல் தொடங்கும் 40எக்ஸ் 960இல் முடியும், 20இல் தொடங்கும் 60எக்ஸ் 1200இல் முடியும். முடியும் எண்ணைக் கேளுங்கள். 'டிஜிட்டல் ஸூம்' என்று தனியாகப் போட்டிருப்பதைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்கும் அந்த வேலையை வீட்டுக் கணினியிலும் செய்யலாம்.

இனி மலை விளக்கு. இங்கேதான் பெரிய சென்சர்காரரின் வாதம் வருகிறது. சோனி ஆர்எக்ஸ்100 வரிசை, கெனன் ஜி7எக்ஸ் போன்றவற்றில் இருக்கும் 'ஒரு இஞ்சி' சென்சரின் பரப்பு, நீள ஸூம் பொக்கெட் கெமராக்களில் இருக்கும் 1/2.3 இஞ்சி சென்சரைப் போல் நான்கு மடங்கு. லென்ஸும் எஃப் 1.8 வரை திறந்தால் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலத் திறக்கும்), எஃப் 3.3 லென்ஸோடு பார்க்கும்போது எல்லாம் சேர்த்துப் பத்து மடங்குக்கு மேல் வெளிச்சம் உள்ளே போகும். கையில் பிடித்தபடி இரவில் ஆட்களை எடுக்க இதை விட்டால் வழியில்லை. தேர்த் திருவிழா, காமன் கூத்து, படியேறும் கூட்டத்தின் முகங்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

ஆனால் நீங்கள் கேட்டது விளக்கு வரிசையை. அது அசையாது. அசையாத ஒன்றுக்குக் கெமராவை ட்ரைபொட் என்ற முக்காலியில் வைத்து 8 விநாடி, 15 விநாடி என்று ஷட்டரைத் திறந்துவிட்டால், சின்னச் சென்சரும் ஐஎஸ்ஓ 100இலேயே, அதாவது குறைந்த உணர்திறனிலேயே, வேண்டிய வெளிச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும். சின்னச் சென்சரின் குறையை நேரம் கொடுத்து ஈடுகட்டலாம், குட்டை லென்ஸின் குறையை எதைக் கொடுத்தும் ஈடுகட்ட முடியாது. 70 மி.மீ.இல் முடியும் ஆர்எக்ஸ்100 மூன்றையோ ஐந்தையோ எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் நிலா மிளகளவுதான்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது நீள ஸூம் பொக்கெட் கெமரா ஒன்றும் ட்ரைபொட் ஒன்றும். கெனன் எஸ்எக்ஸ்740 எச்எஸ் 960 மி.மீ. வரை போகும், எடை 300 கிராம் அளவு. சென்சர் பிடித்ததை அப்படியே சேமிக்கும் ரோ ஃபைல் எடுக்காது என்பது அதன் பெரிய குறை. பெனசொனிக் டிஸெட்95, சோனி எச்எக்ஸ்99 இரண்டும் 720இல் நின்றுவிடும். ஆனால் ரோ எடுக்கும், கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரும் உண்டு. நான் இந்த இரண்டில் ஒன்றையே எடுப்பேன். நிலாவின் மங்கலான நிழல்களை ரோவில் பிறகு இழுத்தெடுக்கலாம், கெமரா தானே சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக்கில் அவை தொலைந்துபோயிருக்கும். நிகோன் பி950 2000 மி.மீ. வரை போய்ப் பள்ளங்களின் விளிம்பையே காட்டும். அதன் எடை ஒரு கிலோ, கைப்பை தாங்காது. அது காட்டும் நுணுக்கத்துக்கு ஸூம் எண் மட்டும் காரணம் இல்லை. முழு ஸூமில் அதன் லென்ஸ் வாய் சுமார் 55 மி.மீ., எஸ்எக்ஸ்740க்கு 25 மி.மீ. வாய் அகன்றால்தான் நுணுக்கம் கூடும். பொக்கெட் கெமராவில் பெரிய பள்ளங்கள் தெளிவாக வரும், சின்னவை வராது. அந்த எல்லையைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள்.

எந்த மொடலானாலும் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒன்று, டயலில் 'எம்', அதாவது எல்லாவற்றையும் நாமே அமைக்கும் நிலை, இருக்க வேண்டும். ஓட்டோவில் விட்டால் கெமரா கறுப்பு வானத்தைப் பார்த்து ஏமாந்து நிலாவை வெள்ளையடித்துவிடும். பௌர்ணமிக்கு ஐஎஸ்ஓ 100, எஃப் 6.4 அல்லது 6.9, ஷட்டர் 1/250 என்று தொடங்குங்கள். அரை நிலாவுக்கு 1/60 அளவு. மெல்லிய பனிமூட்டம் இருந்தால் ஷட்டரை இன்னும் மெதுவாக்கிப் பாருங்கள்.

மற்றது சாயும் திரை. வெளிநாட்டுக் கெமரா விமர்சனங்களில் இதைப் பெரிதாகச் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் அங்கே நிலா பெரும்பாலும் சாய்வாகப் போகிறது. நாம் இருப்பது வடக்கே 7 பாகையில். இங்கே நிலா உச்சிக்கு வரும்போது எந்த மாதமானாலும் 50 பாகைக்கு மேலேதான் நிற்கும், பல இரவுகளில் தலைக்கு நேரே. திரை அசையாத கெமராவென்றால் ஈரப் புல்லில் மல்லாந்து படுத்துத்தான் பார்க்க வேண்டும். கடையில் ட்ரைபொட் வாங்கும்போதும் அதன் தலை நேர் மேலே திரும்புகிறதா என்று பாருங்கள். மலிவானவற்றில் கைப்பிடி காலில் இடிக்கும். கெமராவை முன்பின்னாக மாட்டினால் அநேகமாகச் சரியாகிவிடும்.

போயா லீவு என்பதால் எல்லோரும் பௌர்ணமியன்று கெமராவைத் தூக்குகிறார்கள். பள்ளங்களைப் பார்க்க ஆசையென்றால் அதைவிடக் கெட்ட இரவு இல்லை. வெயில் நேர்முன்னால் அடிப்பதால் நிழலே விழாது, நிலா தட்டையாகத் தெரியும். வளர்பிறை அட்டமியை ஒட்டிய இரண்டு மூன்று நாட்களைப் பிடியுங்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து தேநீர் குடித்து முடிக்கும் நேரத்தில் நிலா உச்சியில் நிற்கும், ஒளியும் இருளும் சேரும் கோட்டில் பள்ளங்கள் நிழலோடு துருத்திக்கொண்டிருக்கும். முழு ஸூமில் நிலா இரண்டே நிமிடத்தில் தன் அகலம் அளவு நகர்ந்துவிடும், அடிக்கடி திருப்பிக்கொண்டே இருங்கள். ஷட்டரைக் கையால் அழுத்தாமல் 2 விநாடி டைமரில் விடுங்கள்.

பௌர்ணமி பயன்படுவது மலையோடு சேர்த்து எடுக்கத்தான். மஸ்கெலியாவிலிருந்து பார்த்தால் சிவனொளிபாத மலை மேற்கே, சற்றுத் தெற்குப் பக்கமாக நிற்கிறது. பௌர்ணமிக்கு மறுநாள் விடியலில் நிலா அந்தத் திசையில் இறங்கும். மார்கழி, தையில் அது வடக்கே ஒதுங்கி விழும். பங்குனிக்குப் பிறகு மேற்கே வந்து, சித்திரைப் போயாவை ஒட்டி மலைப் பக்கம் நெருங்கும். சீசன் டிசம்பரில் வரும் உந்துவப் போயாவில் தொடங்கி வெசாக்கோடு முடிவதால் விளக்குகளும் அப்போது எரிந்துகொண்டிருக்கும். வானம் நீலம் பாரிக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் மட்டுமே நிலாவும் மலையும் ஒரே படத்தில் ஒத்துவரும். முழு இருட்டில் ஒன்று சரியானால் மற்றது கெடும்.

வானம் திறக்கும் காலம் உங்கள் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை. மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் மஸ்கெலியா, ஹட்டன், தலவாக்கலைக்காரர்கள் கெமராவை அலுமாரியில் வைக்க வேண்டியதுதான். அந்த மாதங்களில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் வரட்சியாக இருக்கும், சொந்தக்காரர் யாராவது இருந்தால் போய்வரலாம்.

அலுமாரி என்றேன், அதிலும் ஒரு எச்சரிக்கை. நம் ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள், தோல் உறைக்குள் மட்டும் வைக்காதீர்கள். குளிரில் நின்றுவிட்டு அடுப்பெரியும் வீட்டுக்குள் வரும்போது, வாசலிலேயே கெமராவைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி அரை மணி நேரம் விட்டால் கண்ணாடியில் நீர் படியாது.

பாவித்த கெமரா வாங்குவதானால் ஸூமை முழுக்க நீட்டச் சொல்லி, போன் டோர்ச்சை லென்ஸின் ஓரத்திலிருந்து சாய்த்து அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் போல் கிளை பிரிந்து தெரிந்தால் அது பூஞ்சணம், விலை குறைத்தாலும் வேண்டாம். பிறகு தெருவின் மறுகோடியில் இருக்கும் ஒரு கடைப் பெயர்ப்பலகையை முழு ஸூமில் எடுத்து, படத்தின் நான்கு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தால் அந்தக் கெமரா எங்கேயோ விழுந்து எழும்பியது.