ஆசை குறைந்தால் முதலில் வலியைக் கவனியுங்கள்

"கணவர் மேல் அன்பு குறையவில்லை, மாதவிடாய் நின்றபின் ஆசை மட்டும் போய்விட்டது" என்கிறீர்கள். உறவின்போது வலிக்கிறதென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் பிறப்புறுப்பு வறண்டு, உள்தோல் மெலிந்துவிடும். வலிக்கும் என்று தெரிந்தால் உடம்பு தானாகவே ஒதுங்கும். ஆசை எங்கிருந்து வரும்? இதில் உங்கள் தவறு எதுவுமில்லை.

சில வாரம் உறவின்போது வழுவழுப்பு தரும் நீர் சார்ந்த லூப்ரிகன்ட் பயன்படுத்திப் பாருங்கள். அணைப்போடு நின்றாலும் சரி என்று அவரிடம் முன்பே பேசிவிடுங்கள். வலி குறைந்து விருப்பம் எட்டிப்பார்த்தால் வறட்சிதான் காரணமாக இருந்திருக்கும். போதவில்லையென்றால் உள்ளே தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் பற்றிப் பெண்கள் நல மருத்துவரிடம் கேளுங்கள். மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் அவசியம் சொல்லுங்கள்.

வலியே இல்லையா? மனச்சோர்வு மாத்திரைகள் சிலவும் ஆசையைக் குறைக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் பேசுங்கள். அப்புறம், மாதவிடாய் நின்றபின் துளி ரத்தம் பட்டாலும் உடனே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.