என் பீகிள் கூப்பிட்டால் வருவதில்லை, அடித்தால்தான் திருந்துமா?

எட்டு மாத பீகிள் நாய், வீட்டுக்குள் சொன்னதெல்லாம் கேட்கிறது, வெளியே போனால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, இரண்டு அடி போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள், போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடாதீர்கள். நான் போட்டவன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் பீகிள் மணிக்கும் அப்போது ஏழெட்டு மாதம் இருக்கும். ஒரு மாலை மைதானத்தில் லீஷை அவிழ்த்துவிட்டேன். ஒரு புதரடியில் மூக்கை நுழைத்தவன் எடுக்கவே இல்லை. "மணி, வா" என்று பத்துப் பன்னிரண்டு தடவை கூப்பிட்டிருப்பேன். வால் விறைத்து நின்றது, காதுகூட அசையவில்லை. சுற்றி நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு மானம் போனது போல் இருந்தது. கடைசியில் அவனாகவே நிமிர்ந்து, மூக்கில் மண்ணோடு, வாலை ஆட்டிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தான். லீஷை மடித்து, வந்தவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

புதரடியில் நின்றதற்காக அடித்தேன் என்பது என் கணக்கு. அவன் கணக்கு வேறு. வந்தான், அடி விழுந்தது. ஐந்து நிமிடம் முன்னால் செய்ததை நாய் அடியோடு முடிச்சுப் போடாது. அடி விழும் நொடியில் என்ன செய்ததோ அதோடுதான் போடும். மறுநாள் வீட்டுக்குள் "வா" என்றேன். ஆறடி தள்ளியே நின்றுவிட்டான். வயிற்றைத் தரையோடு ஒட்டி, காதைப் பின்னால் மடித்து, உதட்டை நக்கி நக்கி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். நான் ஓரடி எடுத்து வைத்ததும் நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது. "பார், செய்த தப்பு அதற்கே தெரிகிறது" என்றார்கள் வீட்டில். தப்பு தெரிந்த முகமில்லை அது, பயந்த முகம். உதட்டை நக்குவதும் முகத்தைத் திருப்புவதும் "என்னை விட்டுவிடு" என்று நாய் கெஞ்சும் ஜாடை. அந்தத் தரையைத் துடைத்தது நான்தான். இன்னும் மறக்க முடியவில்லை.

சரி, பிடிவாத விஷயத்துக்கு வருகிறேன். பீகிள் இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காகக் கூட்டமாக வளர்க்கப்பட்ட நாய். வாடையைப் பிடித்தால் விடாமல் போக வேண்டும், மனிதர் பின்னால் வருவார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று "எந்தப் பக்கம்?" என்று எசமான் முகத்தைப் பார்த்தால் முயல் போயே போய்விடும். திரும்பிப் பார்க்காமல் போகிறவற்றைப் பொறுக்கிப் பொறுக்கித்தான் இந்த இனத்தைச் சேர்த்தார்கள். ஆடு மேய்க்கும் பார்டர் கோலியோடு இதை ஒப்பிட்டு "மக்கு நாய்" என்பவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். அமெரிக்க அரசு 1984-லிருந்து விமான நிலையங்களில் பயணிகளின் பெட்டிக்குள் இருக்கும் பழத்தையும் இறைச்சியையும் மோந்து கண்டுபிடிக்கப் பீகிள்களை வைத்திருக்கிறது. கண்டுபிடித்தால் குரைக்கக் கூடாது, பக்கத்தில் அமைதியாக உட்கார வேண்டும். உட்கார்ந்தால் தின்பண்டம். மக்கு நாய்க்கு இதெல்லாம் வருமா?

அந்த அடியோடு எனக்குப் புத்தி வந்துவிடவில்லை. ஒரு பயிற்சியாளரிடம் கூட்டிப்போனேன். ஓநாய்க் கூட்டத்தில் தலைவன் அடக்கித்தான் ஆளும், நீங்களும் தலைவன் என்று காட்டுங்கள் என்று சொல்லி, கழுத்தை இறுக்கும் சங்கிலியைக் கொடுத்தார். இந்தத் தலைவன் கதை அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து 1947-ல் எழுதியதில் இருந்து வளர்ந்தது. 1970-ல் தன் புத்தகத்தில் அதைப் பரப்பிய டேவிட் மெக் என்ற ஆய்வாளரே 1999-ல், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் சேர்ந்த குடும்பம்தான் என்று எழுதித் திருத்தினார். எனக்கு இதெல்லாம் பிற்பாடுதான் தெரியும். இரண்டே வகுப்பில் மணி சங்கிலிச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். நிறுத்திவிட்டேன்.

அப்புறம் செய்ததுதான் உங்களுக்குப் பயன்படும். "வா" என்ற சொல்லை முழுசாக விட்டுவிட்டேன், அதில் பயம் ஏறிவிட்டது. அதற்குப் பதில் விசில். முதல் இரண்டு வாரம் வீட்டுக்குள், இரண்டடி தூரத்தில் இருந்து. ஊதுவேன், வந்ததும் நகம் அளவுக்கு வேகவைத்த கோழித் துண்டு. ஒரு தடவைக்கு மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் இல்லை. வருவான் என்று உறுதியாகத் தெரியாதபோது ஊதவே மாட்டேன். பிறகு வெளியே, பத்து மீட்டர் கயிற்றில். கயிற்றைக் கழுத்துப் பட்டையில் கட்டாதீர்கள், ஓடிய வேகத்தில் கழுத்து வெட்டி இழுக்கும். மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸில் கட்டுங்கள்.

முக்கியமானது இது: வந்தவுடன் துண்டைக் கொடுத்துவிட்டு, "போ" என்று அதே புதருக்குத் திருப்பி அனுப்புவேன். பீகிளுக்குக் கோழியைவிட வாடை பெரிது. வந்தால் விளையாட்டு முடிந்துவிடாது என்று அதற்குத் தெரிய வேண்டும். நான்காவது மாதம் ஒரு நாள், மூக்கு முழுக்க மண்ணுக்குள் இருந்தபோது ஒரே ஒரு தடவை ஊதினேன். தலையைத் தூக்கினான். ஒரு முன்னங்கால் அந்தரத்தில். என்னைப் பார்த்தான், புதரைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். நான் மூச்சுக்கூட விடவில்லை. வந்தான். தரையில் உட்கார்ந்து, பையில் இருந்த அத்தனை துண்டையும் கொடுத்துவிட்டேன்.

தின்பண்டம் காட்டுவது லஞ்சம் என்று கீழே யாராவது எழுதுவார்கள். நான் காட்டிக் கூப்பிடவில்லை, வந்த பிறகு கொடுத்தேன். குண்டாகும் என்றால், பீகிள் சீக்கிரம் குண்டாகிற நாய்தான், அந்த அளவைச் சாப்பாட்டில் குறைத்துவிடுங்கள். கண்டிப்பே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. மேலே தாவாமல் நான்கு காலும் தரையில் இருந்தால்தான் எங்கள் வீட்டில் கதவு திறக்கும், இன்று வரை. நான் பயிற்சியாளர் இல்லை. உங்கள் நாய் கடிக்க வருகிறது என்றால் என் பதில் போதாது, கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனது தாங்கவில்லை. மருந்துச் சோதனைக்கூடங்களில் மிக அதிகமாகப் பயன்படுத்தப்படும் நாயினம் பீகிள். காரணம், சாது, வலித்தாலும் எளிதில் கடிக்காது. 2022-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சோதனைக்காக வளர்த்த சுமார் 4,000 பீகிள்களை ஒரே பண்ணையில் இருந்து மீட்டார்கள். புல்லை அப்போதுதான் முதன்முதலாக மிதித்தவை அவற்றில் எத்தனையோ. இந்த நாயைத்தான் முரடு என்று சொல்லி நாம் அடிக்கிறோம்.

உங்கள் நாயை நீங்கள் இன்னும் அடிக்கவில்லை, ஆகவே என்னைப் போல் நான்கு மாதம் ஆகாமல் இருக்கலாம். ஆனால் எட்டு மாதம் என்பது வளரும் வயது, நேற்று வந்தது இன்று வராது, அதைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். சாலை இருக்கும் பக்கம் கயிற்றை அவிழ்க்கவே வேண்டாம், நான் இன்றும் அவிழ்ப்பதில்லை. எவ்வளவு தாமதமாக வந்தாலும் வந்த நாயைத் தடவிக் கொடுங்கள். விசில் வாங்கினால், முதல் இரண்டு வாரம் வீட்டுக்குள்ளேயே ஊதுங்கள்.