கேசட்டிலிருந்து பிளேயருக்கு: தவில் மங்காமல் மாற்றுவது எப்படி?

கேள்வி: செங்கோட்டையிலிருந்து புனலூருக்குத் தினமும் ரயிலில் வேலைக்குப் போய் வருகிறேன். கையில் இருப்பது 8 ஜிபி கொள்ளும் பழைய மியூசிக் பிளேயர். எம்பி3 மட்டும் பாடும். சில கச்சேரி சிடிக்களும், அப்பா திருவிழாக்களில் டேப் ரெக்கார்டரில் பதிந்த நாகஸ்வரக் கேசட்டுகளும் இருக்கின்றன. முன்பு 128 கிலோபிட்டில் மாற்றிய சிடிப் பாடல்களில் தவில் மங்கலாகக் கேட்கிறது. அவற்றையே 320க்கு உயர்த்தினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. கிலோபிட் கணக்கு, அதாவது பிட் ரேட், ஒரு வினாடி ஒலிக்குச் செலவிடும் தரவின் அளவு. காதுக்கு எட்டாது என்று கணக்கிட்ட ஒலிகளைக் கழித்துத்தான் எம்பி3 கோப்பைச் சிறிதாக்குகிறது. கழித்தது கழித்ததுதான். 128ஐ 320 ஆக்கினால் கோப்பு இரண்டரை மடங்கு பெருக்கும். போன ஒலி திரும்பாது. இரண்டாம் முறை கழிப்பதில் இன்னும் கொஞ்சம் போகும். சிடியிலிருந்தே மறுபடி எடுங்கள்.

தவிலில் உங்கள் காது பிடித்த குறை உண்மையானது. எம்பி3 ஒலியைச் சில மில்லிவினாடித் துண்டுகளாக வெட்டிச் சுருக்குகிறது. சட்டென்று விழும் அடி ஒரு துண்டின் நடுவில் வந்தால், பிட் சிக்கனத்தால் நேரும் பிழை அந்தத் துண்டு முழுவதும் பரவிவிடும். தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் கூடு (விரல் உறை) போட்ட விரல் விழுவதற்கு முன்பே மெல்லிய ‘ஷ்’ ஒன்று எழும். அடியின் முனை மழுங்கும். கூடவே 128இல் பெரும்பாலான மென்பொருள்கள் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிடுவதால் ஜால்ராவின் கணீரும் போய்விடும்.

எம்பி3ஆக மாற்றித் தரும் லேம் என்ற இலவச என்கோடரில், மாறும் பிட் ரேட்டைத் தேர்ந்து தரத்தை 2 என்று வையுங்கள். ஆலாபனையின் அமைதியான இடத்தில் குறைத்தும் தனி ஆவர்த்தனத்தில் கூட்டியும் பிட்டுகளைச் செலவிடும். சராசரி 190ஐ ஒட்டி வரும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 1.4 எம்பி என்றால் உங்கள் 8 ஜிபியில் சுமார் 90 மணி நேரம் கொள்ளும். 320இல் 55 மணி நேரம்தான். பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் ரயில் நுழையும்போது இரண்டுக்கும் வேறுபாடு கேட்கவே கேட்காது. பழைய பிளேயரில் பாட்டின் நேரம் தவறாகக் காட்டினால் மாறாத 192 வையுங்கள். சாம்பிள் ரேட் (வினாடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பது) சிடியில் உள்ள 44.1 கிலோஹெர்ட்ஸாகவே இருக்கட்டும்.

ராகம் தானம் பல்லவி பல டிராக்குகளாகப் பிரிந்திருந்தால் ஒரே கோப்பாக எடுங்கள். எம்பி3 கோப்பின் முனைகளில் சிறு மௌனம் சேர்ந்துவிடும்; தானத்திலிருந்து பல்லவிக்குப் போகும் மூச்சு அங்கே அறுந்துபோகும்.

அப்பாவின் கேசட்டுகளுக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். சிடி கடையில் மறுபடி கிடைக்கலாம், இவை கிடைக்கா. ஒலி மந்தமாக இருந்தால் டெக்கில் டேப்பைப் படிக்கும் ஹெட்டின் சாய்வை ஒரு மெக்கானிக்கிடம் சரிசெய்துகொள்ளுங்கள்; சாய்வு பிசகிய நிலையில் மாற்றியதைப் பின்னால் எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது. நாகஸ்வரம் உச்சத்துக்கு ஏறும் இடத்தை முதலில் ஓட்டிப் பார்த்து, அளவுமானி சிவப்பைத் தொடாதபடி பதிவு அளவை வையுங்கள். பதிந்ததை ஃப்ளாக் என்ற கோப்பு வடிவில் கணினியில் ஒன்றும், வெளி டிஸ்க்கில் ஒன்றும் சேமியுங்கள். ஃப்ளாக் எதையும் கழிப்பதில்லை. அதிலிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் எம்பி3 எடுக்கலாம்.

ஒற்றை மைக்கில் பதிந்தவையானால் பிளேயருக்கான பிரதியை மோனோவாக்குங்கள். டேப்பின் இரைச்சல் சற்றே அடங்கும், 96 கிலோபிட்டே போதும். இரைச்சல் நீக்கும் கருவியை மட்டும் அழுத்திப் பயன்படுத்தாதீர்கள். நாகஸ்வரத்தின் ஊதும் முனையான சீவாளியில் எழும் காற்றொலியையும் அது இரைச்சல் என்றே எடுத்துக்கொள்கிறது. முதலில் ஒரே ஒரு கேசட்டை மாற்றி, இரவில் வீட்டில் ஹெட்ஃபோனில் கேளுங்கள். தவில் அடி விழும் இடம் தெளிவாக இருந்தால், அதே அமைப்பில் மற்றவற்றையும் தொடங்கிவிடலாம்.